வாசல் செம்பருத்தியும் மெக்சிகோ பூச்சியும்

2010 ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு வாசல் செம்பருத்தியை நானே வெட்டினேன். என் தாயார் வைத்த செடி. இருபது வருடங்களுக்கு மேல் தினமும் சாமி படத்துக்குப் பூத்தது. அந்தச் சமயம் கோவையில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாவுப்பூச்சி.

பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதை அடக்கும் இயற்கை எதிரிகள் இருந்ததால் பெரிய தொல்லையாக இல்லை. 1990களில் கரீபியன் தீவுகளில் பரவி, 1998ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்தது. 2008ல் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. பூச்சி வந்தது, எதிரி வரவில்லை. இரண்டே வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன.

அடையாளம் எளிது. இலையின் அடியிலும் கொழுந்திலும் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். அது கழிக்கும் இனிப்பு நீருக்கு எறும்பு வரிசை கட்டும். அதன் மேல் கரும்பூசணம் படரும்.

நானும் கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தேன். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. கூடவே, அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளும் செத்தன. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் அரிவாளை எடுத்தேன். வெட்டிய கிளைகளைத் தெருவோரம் போட்டது அடுத்த தவறு. குஞ்சுகள் காற்றிலும் எறும்பு மூலமும் பரவும். எரித்திருக்க வேண்டும்.

அதே வருடம் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே தின்றுவிட்டு, கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். அக்டோபரில் தமிழ்நாட்டில் விடத் தொடங்கினார்கள். அடுத்த வருடத்துக்குள் பூச்சி அடங்கிவிட்டது. நான் செடியை வெட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எதிர்வீட்டு அக்கா மருந்தும் அடிக்கவில்லை, வெட்டவும் இல்லை. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியதோடு சரி. அவர் செம்பருத்தி மறு வருடம் துளிர்த்தது. அது என் தாயார் கொடுத்த குச்சியில் வளர்ந்த செடி. அதிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கி வந்து நட்டேன். இன்று காலையில் ஐந்து பூ.

இப்போதும் எங்காவது வெள்ளை தெரியும். மருந்து தேடுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பேன். உப்பிக் காய்ந்து ஓட்டை விழுந்த பூச்சிகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் சும்மா இருந்தால் போதும்.