சங்கு போட்ட கோடு

சாத்தான்குளத்திலிருந்து கடல் தெரியாது. தேரிக்காட்டையும் பனைகளையும் தாண்டிப் போனால்தான் மணப்பாடும் பெரியதாழையும். ஆனாலும் ஜெனீவாவில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தின் வேரைத் தேடிப்போன எனக்கு, அது இந்தக் கடலடியில்தான் கிடைத்தது.

1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 77ஆம் பிரிவு. கண்டத்திட்டில் கரைநாட்டுக்குள்ள உரிமை தாதுக்களோடு நிற்பதில்லை. பிடிக்கிற பருவத்தில் அசையாமல் கிடக்கும் உயிர்களும், தரையை விட்டு எழும்பாமலே நகரும் உயிர்களும் அந்த நாட்டுக்கே உரியவை. நீந்தும் மீன் இதில் சேராது. எந்த உயிர் எப்படி நகர்கிறது என்று தூதர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த வரி 1958 ஜெனீவா உடன்படிக்கையிலேயே இருக்கிறது. முன்மொழிந்தவை ஆறு நாடுகள்: ஆஸ்திரேலியா, மலாயா, நார்வே, பிரிட்டன், இந்தியா, இலங்கை. கடைசி இரண்டு பெயர்களில் என் விரல் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு ஜப்பானிய முத்துப் படகுகளோடு தகராறு. அது தெரிந்த கதை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டது ஏன்?

இன்னும் பின்னே போனேன். கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் கடல் எல்லோருக்கும் பொது என்று ஐரோப்பிய அரசுகள் பேசிவந்த காலத்தில், அந்த விதிக்கு அடங்காத சான்றாக நின்றவை நம் முத்துப் பார்களும் சங்குப் படுகைகளும். 1758இலேயே சட்ட அறிஞர் வாட்டெல், முத்துக்குளிப்பு ஓர் அரசின் சொத்தாகலாம் என்று வாதிட பஹ்ரைனையும் இலங்கையையும்தான் காட்டினார். இராமநாதபுரம் கடலில் சங்கு எடுத்தவர்கள் மீதான திருட்டு வழக்கு 1904 சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. படுகை மூன்று மைலுக்கு அப்பால் இருந்தும் நீதிமன்றம் அதன் மீதான உரிமையை ஒப்புக்கொண்டது. கடலடி யாருடையது என்று 1923-24இல் பிரிட்டிஷ் சட்ட வல்லுநர் செசில் ஹர்ஸ்ட் எழுதிய கட்டுரையும் இந்த நீர்ப்பரப்பைத் தொட்டுப் போகிறது.

ஆனால் சட்டம் தெரிந்தவர்களுக்குச் சங்கைத் தெரியாது. தெரிந்த ஒருவர் 1921 கொழும்புப் பேச்சில் எதிர்ப்பட்டார். மீன்பிடி எல்லையைப் பிரிக்க சென்னையும் இலங்கையும் உட்கார்ந்தபோது, சென்னைத் தரப்பில் இருந்தவர்களில் ஒருவர் மீன்வளத் துறை இயக்குநர் ஜேம்ஸ் ஹார்னெல். இருபதாண்டுக்கு முன் உயிரியலாளர் ஹெர்ட்மனோடு வந்து இலங்கையின் பார்களை ஆராய்ந்தவரும் அவரே. எதிர்த்தரப்பின் கடலடியையும் அறிந்த ஒருவர் பேச்சு மேசையில் இருப்பது சின்ன விஷயமா? கச்சத்தீவு வாதம் பெருகிய பிறகு 1921ஐ அந்தத் தீவுக்காக மட்டுமே புரட்டுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேச்சின் பொருள் மீனும் முத்தும் சங்கும்.

அறிவு தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில், சிங்கி இறால் ஊர்கிறதா நீந்துகிறதா என்ற வாதத்தில் பிரேசிலும் பிரான்சும் போர்க்கப்பல் அனுப்பும் அளவுக்குப் போயின.

சங்கைப் பற்றி ஹார்னெலுக்கு யார் சொன்னது? 1914இல் சங்கு பற்றி அவர் வெளியிட்ட நூலில் அந்தத் தொழிலின் நுணுக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. எந்த மணலில் சங்கு மேயும், எந்தப் பருவத்தில் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் குளியாளிகள் மூச்சடக்கிக் கற்றவை. கொழும்புப் பேச்சில் கலந்துகொண்டோர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. இந்தத் தேடலில் எனக்கு வலித்த இடம் இதுதான்.

தூத்துக்குடியில், சங்கு குளிப்பதை விட்டுப் பல ஆண்டுகளான ஒரு பெரியவரிடம் 77ஆம் பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"சங்கு நீந்தாது தம்பி, நடக்கும். பூச்சி மணல்ல கோடு போட்டுக்கிட்டே போகும். அந்தக் கோட்டப் பார்த்துத்தான் நாங்க கை வைப்போம். எங்கப்பாவுக்கு அவுங்க அப்பா சொல்லிக் குடுத்தது."