கண்மதிப்பிலிருந்து தராசுக்கு: இறைச்சி மாட்டினத் தேர்வின் வரலாறு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து மாடுகள் ஏர் இழுத்தன, பால் கொடுத்தன. உழைத்து ஓய்ந்த பிறகே பெரும்பாலும் இறைச்சிக்குப் போயின. பொது மேய்ச்சல் நிலத்தில் எந்தப் பசு எந்தக் காளைக்குச் சினையாகும் என்பது யார் கையிலும் இல்லை. நிலங்கள் வேலியடைக்கப்பட்ட பிறகுதான் இணையைத் தெரிந்து சேர்ப்பது எளிதாயிற்று.

லெஸ்டர்ஷயரின் டிஷ்லி பண்ணையில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) அந்த வாய்ப்பை முறையாகப் பயன்படுத்தினார். விரைவில் சதைபிடிக்கும் நீள்கொம்பு மாடுகளைப் பொறுக்கியெடுத்து, நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே சேர்த்தார். எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் ஊறிய இறைச்சித் துண்டுகளையும் பண்ணையில் பாதுகாத்து, முந்தைய மாடுகளோடு ஒப்பிட்டார். பொலிகாளைகளைப் பருவ வாடகைக்கு விட்டதால், அவற்றின் கன்றுகள் பிறர் பண்ணைகளில் எப்படித் தேறுகின்றன என்றும் பார்க்க முடிந்தது. கன்றுகளைக் கொண்டு காளையை எடைபோடும் பிற்கால முறைக்கு இந்த ஏற்பாடே வித்து.

டர்ஹாம் வட்டாரத்தில் காலிங் சகோதரர்கள் குறுங்கொம்பு மாடுகளில் இதே வழியைப் பின்பற்றினர். சார்லஸ் காலிங்கின் 'காமெட்' காளை, தந்தையையும் மகளையும் சேர்த்துப் பெற்றது. 1810இல் 1,000 கினிக்கு விலைபோனது. 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் குறுங்கொம்பு மாடுகளின் வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டார். அதில் முன்னோர் பெயர்கள் இருந்தன, எடை இல்லை. அடுத்த நூறாண்டுக்கு மேலாகத் தேர்வை நடத்தியவை பெயரும் கண்காட்சிப் பரிசுமே.

அதன் விலை 1940களில் அமெரிக்காவில் தெரிந்தது. குட்டைக் கால்களும் திரண்ட உடலும் கொண்ட கட்டுக்குட்டான ஹெரிஃபோர்டு காளைகள் அப்போது பரிசுகளை வென்றன. குட்டைத்தன்மைக்கான ஒடுங்கு மரபணுவைத் தாங்கியவை சற்றே கூடுதல் திரட்சியோடு தெரிந்ததால் நடுவர்கள் அவற்றையே விரும்பினர். மரபணு மந்தைகளெங்கும் பரவியது. அத்தகைய இரு மாடுகள் சேர்ந்தபோது, புடைத்த நெற்றியும் உப்பிய வயிறுமாய், மூச்சுவிடும்போதெல்லாம் மூக்கிலிருந்து கரகரப்பொலி எழும் குள்ளக் கன்றுகளும் பிறந்தன. கண்ணை மட்டும் நம்பிய தேர்வுக்கு இதைவிடக் கடுமையான கண்டனம் வேறில்லை.

மாற்று வழி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மொன்டானா மாநிலம் மைல்ஸ் சிட்டியின் கால்நடை ஆய்வு நிலையம் 1934இல் 'லைன் 1' என்ற மூடிய ஹெரிஃபோர்டு மந்தையை உருவாக்கியது. தேர்வின் முதன்மை அளவுகோல் ஓராண்டு எடை. கன்றைத் தராசில் ஏற்றினார்கள். தோற்றத்துக்கு மதிப்பெண் போடுவதோடு நிற்கவில்லை. 1946இல் அங்கிருந்து ஆய்வாளர்கள் நாப்பும் நார்ட்ஸ்காக்கும் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சி வேறுபாட்டில் கணிசமான பங்கு மரபுவழி வருவதைக் காட்டியது. அப்படியானால் எடை பார்த்துத் தேர்ந்தெடுப்பது பலன் தரும்.

ஆனால் ஒரு வயதில் கனத்து நிற்கும் கன்று பிறக்கும்போதும் கனமாகவே இருந்தது. முதல் ஈற்றுக் கிடாரிகள் கன்றை ஈன முடியாமல் திணறின. ஆகவே பிறப்பு எடை, தாய்ப்பால் மறக்கும்போதுள்ள எடை, ஓராண்டு எடை ஆகியவற்றைத் தனித்தனியே கணிக்க வேண்டியதாயிற்று. சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்த புள்ளியியல் முறை 1970களிலிருந்து இதற்குக் கைகொடுத்தது. தீவன வேறுபாட்டையும் பண்ணை வேறுபாட்டையும் கழித்துவிட்டு, காளை தன் கன்றுகளுக்குக் கடத்தும் மரபுத் திறனை மட்டும் பிரித்தெடுக்க அது உதவியது. எளிதில் ஈன்று, பிறகு வேகமாக வளரும் கன்றுகளைத் தரும் காளைகளை இதன்வழி அடையாளம் காணலாம்.

2009இல் மாட்டின் முழு மரபணுத்தொகுதி வரிசை வெளியானது. அதற்குப் பயன்பட்ட முதன்மைப் பசு 'டாமினெட்', அதே லைன் 1 மந்தையில் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக மூடிய மந்தையில் பெருகியதால் அதன் மரபணு வேறுபாடுகள் குறைவு. வரிசையைக் கோப்பதும் அதனால் எளிதாயிற்று.