ஊரடங்கும் எங்க சம்பங்கியும்

போன வாரம் பரண்ல பழைய கணக்கு நோட்டு ஒண்ணு கிடைச்சது. அதுல 2020 மார்ச் 24-க்கு அப்புறம் பூ வரவுப் பக்கம் வெறுமையா கிடக்கு.

அன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144 தடை. நடுராத்திரியில இருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. விவசாய வேலைக்கு 27-ஆம் தேதியே விலக்கு குடுத்துட்டாங்க. ஆனா அண்ணாமலையார் கோயில் மூடியிருக்கு, பௌர்ணமி கிரிவலம் இல்லை, கல்யாணம் இல்லை. பூவை யார் வாங்குவா? அரை ஏக்கர் சம்பங்கியைப் பறிச்சுப் பறிச்சு எருக்குழியில கொட்டினோம். செப்டம்பர் 1-ஆம் தேதி கோயில் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்போ அடைச்சதே தப்பா? அப்படியும் சொல்ல முடியலை. கோயம்பேடு மார்க்கெட் நடந்துகிட்டுதான் இருந்தது. ஏப்ரல் 26-ல இருந்து சென்னையில 4 நாள் முழு அடைப்புன்னு அறிவிச்சதும், முந்தின நாள் காய் வாங்க ஜனம் முண்டியடிச்சது. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினாங்க. அங்கே மூட்டை தூக்கினவங்க ஊர் திரும்பினப்போ நோயும் கூடவே வந்தது, நம்ம மாவட்டத்துக்கும்தான்.

நம்ம ஊர்ல மாரியம்மனுக்குக் காப்பு கட்டினா வெளியூர்ல தங்க மாட்டோம். அதுவும் ஒரு அடைப்புதான். ஆனா நாள் முன்னாடியே தெரியும், ஊருக்குள்ள வேலை நடக்கும். 2020-ல அந்த அவகாசம்தான் கிடைக்கலை.

2021 மே மாசம் முதல்ல காலையில மட்டும் கடை. 24-ஆம் தேதியில இருந்து முழு அடைப்பு; தோட்டக்கலைத் துறை மூலமா வண்டியில காய் தெருவுக்கே வந்தது. அதே மாசம் எங்க சித்தப்பா போயிட்டார். எங்கே தொத்துச்சுன்னு தெரியாது. கொஞ்சம் முன்னாடியே அடைச்சிருந்தா இருந்திருப்பாரோன்னு சித்தி இன்னும் கேக்கறாங்க. பூ போனதைப் பேசற எனக்கு அங்கே வாய் வராது.

2020 தீபத்துக்கு மலை உச்சியில ஜோதி எரிஞ்சது, கிரிவலத்துக்கு ஆள் இல்லை. 2021-ல ஒரு நாளைக்கு 20,000 பேர் போகலாம்னு உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த வாரம் நானும் கொஞ்சம் பூ வித்தேன்.

என் கணக்கு இதுதான்: நோய் ஏறும்போது அடைக்கட்டும். ஆனா முன்கூட்டியே சொல்லி, விளைஞ்சதை எடுத்துக்க வழி பண்ணிட்டு அடைக்கட்டும். இறங்கினதும் ஆள் கணக்கு வெச்சு விடட்டும். உங்க ஊர்ல எப்படி இருந்தது? எழுதுங்க.