வீணாய்ப் போன ஆவியை வேலை வாங்கிய ரில்யூ

அண்டாவில் கொதிப்பது பீருக்கான மால்ட் சாறோ, வெல்லத்துக்கான கரும்புச் சாறோ, மேலே போகிற ஆவியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் எரிபொருள் செலவில் பெரும் பங்கு அதில் போய்விடக்கூடும்! ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதையே முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. அத்தனையும் கூரை வழியாக வெளியே போய்விடும்.

இந்த நஷ்டக் கணக்கை நேர் செய்தவர் நார்பெர்ட் ரில்யூ. 1806-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரர். அம்மா கறுப்பின வழியில் வந்தவர், ஆனால் அடிமை அல்ல. பாரிஸுக்குப் போய்ப் படித்து, 24 வயதிலேயே அங்கே எகோல் சென்ட்ரால் கல்லூரியில் ஆசிரியரானார்.

அன்றைய லூசியானாவில் சர்க்கரை காய்ச்சிய விதம் கொடுமையானது. வரிசையாகத் திறந்த கொப்பரைகள், அடியில் தீ. கொதிக்கிற சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு நீண்ட அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டியவர்கள் அடிமைகள். உடம்பு வெந்துபோகும். சர்க்கரையும் கருகும்.

காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதை இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் 1813-லேயே பயன்படுத்திவிட்டார். ஆனால் அதிலும் ஆவி ஒரே தடவைதான் உழைத்தது. ரில்யூ மூடிய பாத்திரங்களை வரிசையாக இணைத்தார். முதல் பாத்திரத்துச் சாற்றிலிருந்து எழும் ஆவி, இரண்டாவதைச் சூடாக்கும். அங்கே அழுத்தம் குறைவு, அதனால் அந்தச் சூடே போதும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு. ஒரு கிலோ நீராவி கொடுத்தால் மூன்று பாத்திரங்களிலும் சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வெளியேறும். நம் பாஷையில் சொன்னால், ஒரே முதலை மூன்று தடவை சுழற்றுவது மாதிரி :-)

1843-லும் 1846-லும் காப்புரிமை கிடைத்தது. சர்க்கரை வெளுத்தது, எரிபொருள் மிஞ்சியது, அகப்பை வேலையும் போனது. ஆனால் லாபம் யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளுக்கு. இதை ஆதரித்துப் பேசிய ஜூடா பெஞ்சமினே அப்படி ஒரு முதலாளிதான். பின்னாளில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் அரசில் அமைச்சராகவும் இருந்தார். கொப்பரையிலிருந்து தப்பியவர்கள் கரும்புக் காட்டிலிருந்து தப்பவில்லை. அதற்கு 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரில்யூவுக்கும் மரியாதை கிடைத்துவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸின் சாக்கடை வடிகாலைச் சீரமைக்க அவர் கொடுத்த திட்டத்தை நிராகரித்தார்கள். அடிமையல்லாத கறுப்பினத்தவர் மீதும் சட்டங்கள் இறுகிக்கொண்டே போன காலம் அது. பாரிஸுக்கே திரும்பிவிட்டார். அங்கே சில வருடங்கள் எகிப்தின் சித்திர எழுத்துக்களை ஆராய்ந்தார். 75 வயதில் மறுபடியும் சர்க்கரைக்கே வந்து, பீட்ரூட் சர்க்கரைக்கு ஒரு காப்புரிமை வாங்கினார்! 1894-ல் பாரிஸில் காலமானார். அமெரிக்க வேதியியல் சங்கம் 2002-ல்தான் அவர் கண்டுபிடிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

மகாராஷ்டிராவிலும் உ.பி.யிலும் நம் வீட்டருகே இருக்கும் சர்க்கரை ஆலைகளில் இன்றைக்கும் ஓடுவது இதே முறைதான். பால் பவுடர் ஆலைகளிலும் உண்டு. அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்கு ரில்யூவின் பெயரைச் சொல்லி வையுங்கள்.