அரிக்கமேட்டில் ரோமக் கட்டடம் பிறந்த கதை

ரோமானியர் கட்டடம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் மாமாவை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனேன். கலசப்பாக்கத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டே தலை நரைத்தவர் அவர். திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி மாறிப் புதுச்சேரி; அங்கிருந்து ஆட்டோவில் காக்காயன்தோப்பு. ஆற்றோரம் மேடு, மேட்டில் மரங்கள், நடுவே வளைவுகளோடு ஒரு செங்கல் இடிபாடு. அதன் முன்னால் பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா சுவரைத் தட்டிப் பார்த்து, "ரெண்டாயிரம் வருசமா நிக்குதுடா" என்றார்.

அது 1770களில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. புத்தகங்கள் சொல்லும் கட்டடம் எங்கள் காலுக்குக் கீழே, தோண்டி மூடிய குழிகளில் கிடக்கிறது.

இங்கே பழைய ஊர் ஒன்று புதைந்திருப்பதை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் லெ ஜான்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1769இல் சரியாக அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொள்ள, கோட்டை விட்டவர். வானம் கைவிட்ட மனிதருக்கு மண் எதையோ காட்டியிருக்கிறது. அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் சட்டை செய்யவில்லை. 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆசிரியர், மேட்டில் மணி பொறுக்கும் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார். அதில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலை, அகஸ்டஸ் பேரரசருடையது என்பது அவர் முடிவு.

1944இல் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்தார் மார்ட்டிமர் வீலர். சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் கைவிட்டவருக்கு, நீண்ட கைப்பிடியோடு ஒரு ஜாடிக் கழுத்து அகப்பட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பும் ஆம்போரா. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புதுச்சேரி என்றார்கள். மறு ஆண்டே அரிக்கமேட்டில் குழி வெட்டினார்.

வீலருக்கு அவசரமாக வேண்டியிருந்தது கட்டடம் அல்ல, தேதி. தென்னிந்தியாவில் மண்ணுக்கடியில் பானை ஓடு கூடை கூடையாகக் கிடைத்தது. எதற்கும் வயது தெரியாது. அரிக்கமேட்டில் இத்தாலியின் அரெட்சோ ஊர்ச் சிவப்புத் தட்டின் துண்டுகள் கிடைத்தன. பளபளப்பான மேல்பூச்சு, குயவனின் முத்திரை: விபியே, கமுரி, இட்டா. அந்தத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவை ஓய்ந்துவிடுகின்றன. அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் வயது சொல்லிவிடலாம். ஜாதகம் இல்லாத பானைகளுக்கெல்லாம் மூன்று இத்தாலியக் குயவர்கள் ஜாதகம் எழுதினார்கள்.

கூடவே சுமார் 150 அடி நீளத்துக்கு ஒரு செங்கல் கட்டடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கிடங்கு என்றார் வீலர். தட்டு ரோம், ஜாடி ரோம். கிடங்கும் ரோம் ஆகிவிட்டது. பிறகு 1989 முதல் 1992 வரை தோண்டிய விமலா பெக்லி, ரோமச் சரக்கு வருமுன்பே இங்கே ஆட்கள் குடியிருந்ததைக் காட்டினார். வெளிநாட்டுப் பாணி என்று வீலர் எண்ணிய ரேகை ஓடிய வட்டத் தட்டுகளும் இந்தியக் களிமண்தான்.

மாமாவை இழுத்தது கிடங்கு அல்ல, தொட்டிகள். சுற்றுச்சுவருக்குள் சிறு சிறு செங்கல் தொட்டிகளும் வடிகாலும் இருந்தன. மஸ்லின் துணிக்குச் சாயம் ஏற்றிய இடம் என்பது வீலரின் ஊகம். போனில் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அடுப்பு எங்கடா? தண்ணி கொதிக்காம நூல்ல சாயம் ஏறுமா?"

"மாமா, இது பட்டு இல்ல, பருத்தி. அவுரி நீலம்னா அடுப்பு வேணாம்."

"அவுரியா?" படத்தை மறுபடி பார்த்தார். "அப்போ இது துணி நனைக்கிற தொட்டியா இருக்கணும்னு இல்ல. தழை ஊறப்போடற தொட்டியாவும் இருக்கலாம்."

நாங்கள் வந்த வழியில், திண்டிவனம் பக்கம் இன்றும் அந்தத் தொழில் உண்டு. பச்சைத் தழையை மேல்தொட்டியில் ஊறவைத்து, சாற்றைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்து விடுவார்கள். இறங்கி நின்று காலால் உதைத்து அடிக்க அடிக்க, காற்றுப் பட்டு மஞ்சள் பச்சை நீலமாகும். வண்டல் அடியில் தங்கியதும் மேல்நீரை வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத அவுரித் தொட்டியே கிடையாது. மாமா சொல்வதுதான் சரி என்று சாதிக்க மாட்டேன். ஆனால் வீலரின் ஊகத்தைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. கையில் சாயம் பட்டவரின் ஊகம்.

ஆட்டோவுக்குத் திரும்பும்போது கேட்டார்: "செங்கல்லு எந்த ஊர்து?"

"இந்த ஊர்துதான் மாமா."

"தொட்டியில எறங்கி வேல செஞ்சவன்?"

"அவனும் இந்த ஊர்க்காரனாத்தான் இருக்கணும்."

"அப்புறம் என்னாத்துக்குடா ரோமக் கட்டடம்னு சொல்லி இட்டாந்த?"