திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

2014 ஜனவரி. ஃபெடோரா 20 வெளிவந்து ஒரு மாதந்தான். அதைப் பாவிச்ச ஆக்கள் வழமைபோல அப்டேட் செய்தார்கள். அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதை நிறுவப் போனாலும் ‘ஸ்கிரிப்ட்லெட் தோல்வி’ எண்டு வரிக்கு வரி எச்சரிக்கை. இணைய இணைப்பும் சரி, கணினியும் சரி. முதல் வந்த அப்டேட்டுக்குள் இருந்த பாதுகாப்புக் கொள்கைதான் அடுத்தடுத்த அப்டேட்டுகளை மறித்துக்கொண்டு நிண்டது.

இது விளங்க வேணுமெண்டால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

பழைய யுனிக்ஸ் வழக்கத்தில் ‘ரூட்’ எண்டால் ராசா. ரூட்டாக ஓடுகிற ஒரு நிரல் திருடன் கையில் சிக்கினால் முழுக் கணினியும் போச்சு. இதை மாற்ற, எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் எண்டு முன்கூட்டியே எழுதி, ரூட்டையும் அதுக்குள் கட்டிவைக்கிற ஏற்பாடுதான் எஸ்ஈலினக்ஸ். எழுதாத எதுவும் மறுக்கப்படும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் இதன் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அப்படியே ஏற்கவில்லை. வேறு பாதுகாப்பு முறைகளும் பொருந்தக்கூடிய பொதுச் சட்டகம் ஒண்டு வேணும் எண்டார். அந்தச் சட்டகத்தின் ஊடாகத்தான் 2003இல் அது கேர்னலுக்குள் வந்தது.

2004இல் ஃபெடோரா கோர் 2 இதைக் கொண்டுவந்தது. ஆனால் இயல்பில் அணைத்தே வைத்தது. எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிற கடுமையான கொள்கையோடு அன்றாட மேசைக்கணினி வேலை ஓடாது எண்டு அதற்குள் விளங்கிவிட்டது. அதே ஆண்டு வந்த கோர் 3, தெரிவுசெய்த சில சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் கொள்கையோடு அதை இயக்கிவிட்டது.

இனி 2014க்கு வருவம். ஒரு பொதியை நிறுவுவது கோப்புகளை இடத்தில் வைப்பதோடு முடிவதில்லை. கணக்கு உருவாக்க, சேவையை மீளத் தொடங்க, சின்னச் சின்னக் கட்டளைகள் ஓடவேணும். ஸ்கிரிப்ட்லெட் எண்டது அதைத்தான். கொள்கைப் பொதியின் 3.12.1-116 ஆம் பதிப்பு அந்த ஓட்டத்தையே மறுத்துவிட்டது. திருத்தம் 117 ஆகக் கெதியாக வந்தது. ஆனால் அதுவும் ஒரு பொதிதானே! புதுக் கொள்கையை ஏற்றுவதும் ஒரு ஸ்கிரிப்ட்லெட்டின் வேலை. பழைய கொள்கை அதையும் ஓட விடாது. திறப்பு வீட்டுக்குள், நாங்கள் வாசலில்.

வழி ஒரு சின்னக் கட்டளையில் இருந்தது. ‘செட்என்ஃபோர்ஸ் 0’ எண்டு அடித்துக் காவலைச் சற்றுத் தளர்த்தி, கொள்கையைப் புதுப்பித்து, ‘செட்என்ஃபோர்ஸ் 1’ எண்டு திரும்பவும் காவலை நிறுத்துவது. இடையில் அரைகுறையாகப் போன பொதிகளை மறுபடி நிறுவுவது. அவ்வளவுதான்.

இப்படியான நாட்களில் கனபேர் முதல் கட்டளையை அடித்துவிட்டு இரண்டாவதை மறந்துபோகினம். சிலர் நிரந்தரமாகவே அணைத்துவிடுகினம். ஒரு காவல் தேவையில்லாமல் மறிக்கேக்கை, அதன் மேலிருந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் போகுது. பிழையான மறுப்பு ஒண்டு, சரியான நூறு மறுப்புகளின் மரியாதையைத் தின்றுவிடும்.

ஆனாலும் அந்த ஃபெடோராக்காரருக்கு ஒரு பாக்கியம் இருந்தது. ரூட் கடவுச்சொல் அவரின் கையில். காவல் பிழைச்சால், அதைத் தளர்த்தித் திருத்துகிற உரிமையும் அவருடையது. இதே எஸ்ஈலினக்ஸ்தான் எங்கட அண்ட்ரொய்ட் போன்களுக்குள்ளும் ஓடுது; 5.0 பதிப்பிலிருந்து முழுமையாக. அதனால் எங்களுக்குக் கிடைச்ச பாதுகாப்புப் பெரிசு. ஆனால் கடையில் வாங்கிய போனில் அந்தக் கட்டளையை நாங்கள் அடிக்கேலாது. கொள்கை பிழைச்சால், செய்த கம்பனி திருத்தி அனுப்புமட்டும் இருக்க வேண்டியதுதான்.

அதனால் ‘பாதுகாப்பு இருக்கோ?’ எண்டு கேட்பதோடு நாங்கள் நிற்கக்கூடாது. பாதுகாப்பே பிழைத்துப்போனால், திறப்பு ஆரின் கையில்?