ஒன்பதாம் நம்பர் சட்டை

நமக்கு ஹாக்கி என்றால் தியான் சந்த், புழுதி பறக்கும் மைதானம், வளைந்த மட்டை, வெள்ளைப் பந்து. கனடா நாட்டாரிடம் போய் ஹாக்கி என்று சொன்னால் அவர்கள் மனத்தில் எழும் காட்சியே வேறு. அங்கே தரை முழுவதும் பனிக்கட்டி. பந்துக்குப் பதிலாகத் தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. எஃகு அலகு பதித்த பூட்ஸ் அணிந்த ஆட்டக்காரர்கள் ஓடுவதில்லை, வழுக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பக்கத்துக்குக் கோல் காப்பவர் ஒருவர், மற்றவர்கள் ஐவர். தோளால் இடித்துத் தள்ளுவது விதிக்கு உட்பட்டது. கைகலப்பு விதிக்கு உட்பட்டதல்ல. ஆனாலும் அடிக்கடி நடப்பது.

அந்த ஆட்டத்தில் பெயர் பெற்ற வீரர்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு வீரருக்குத் தண்டனை விதித்ததற்காக ஒரு நகரமே கொதித்தெழுந்தது என்றால், அது மோரீஸ் ரிஷார் ஒருவருக்காகத்தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதே பெயரை மாரிஸ் ரிச்சர்ட் என்பார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. அவரைப் பெற்றவள் எப்படி அழைத்திருப்பாளோ அப்படியே நானும் அழைக்கப் போகிறேன். ஏனெனில் நான் சொல்லவிருக்கும் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டு உச்சரிப்புகளுக்கும் நடுவில் நடந்ததுதான்.

கனடாவின் கிழக்குப் பகுதியில் உள்ளது கியூபெக் மாகாணம். பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய நாடு அது. 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரிட்டனின் கைக்கு வந்தது. கொடி மாறியதே தவிர, குடிகள் மாறவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அங்கே பத்தில் எட்டுப் பேர் வீட்டில் பேசியது பிரெஞ்சு மொழியே. ஆனால் அதன் பெருநகரமான மாண்ட்ரீயலில் வங்கிகளும் ஆலைகளும் பெரிய கடைகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் வசம் இருந்தன. கீழ்ப்படியில் நின்று உழைப்பதற்குப் பிரெஞ்சு போதும். மேற்படிக்கு ஏற வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும். சொந்த ஊரில், பெரும்பான்மையாக இருந்துகொண்டே, சிறுபான்மையினரைப் போல் தலை குனிந்து வாழ்வது எப்படி என்பதை அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்தார்கள்.

அந்த மாண்ட்ரீயலில் 1921 ஆகஸ்டு 4-ஆம் தேதி பிறந்தவர் ரிஷார். தகப்பனார் ரயில்வே பட்டறைத் தொழிலாளி. குழந்தைகள் எட்டுப் பேர், இவர் மூத்தவர். குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஆறும் வீட்டுக் கொல்லையுமே பையனின் பயிற்சிக்கூடங்கள். வயிற்றுப் பாட்டுக்கு அவரும் இயந்திரத் தொழில் பழகினார்.

ஆரம்பம் நன்றாக இல்லை. இளைஞராக இருந்தபோதே கணுக்கால் ஒரு முறை முறிந்தது, மணிக்கட்டும் முறிந்தது. 1942-இல் மாண்ட்ரீயல் கனேடியன்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவில் இடம் கிடைத்தது. பதினாறு ஆட்டங்கள் ஆடினார். மறுபடியும் கணுக்கால்! யுத்த காலத்தில் ராணுவத்தில் சேர முன்வந்தபோது, முறிந்த எலும்புகளைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இந்த ஆள் கண்ணாடிப் பாத்திரம், ஆட்டத்துக்கு உதவமாட்டார்" என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்பது பவுண்டு. அந்த மகிழ்ச்சியில், பதினைந்தாம் நம்பர் சட்டையை மாற்றி ஒன்பதாம் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடிப் பாத்திரம் என்ற பேச்சு அதோடு போயிற்று.

1944-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று ரிஷார் வீடு மாற்றினார். பகல் முழுவதும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தாமே தூக்கிச் சுமந்துவிட்டு, "இன்றைக்கு என்னிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்" என்ற தோரணையில் அரங்குக்கு வந்தார். டெட்ராயிட் குழுவுடன் ஆட்டம். ஐந்து கோல்களைத் தாமே போட்டார். மூன்று கோல்களுக்கு மற்றவர்களுக்கு வழி செய்து கொடுத்தார். மாண்ட்ரீயல் ஒன்பது, டெட்ராயிட் ஒன்று. அதுவரை எவரும் ஒரே ஆட்டத்தில் இத்தனை செய்ததில்லை.

அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் போட்டு முடித்தார். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் யுத்தத்துக்குப் போயிருந்ததால்தான் முடிந்தது என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனால் யுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகும், ஒரே பருவத்தில் 50 கோல் என்ற எண்ணிக்கையை 1961 வரையில் இன்னொருவர் எட்டவில்லை. ஐம்பதே ஆட்டங்களில் ஐம்பது என்பதற்கு 1981 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ராக்கெட் என்ற பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

1955-இன் தொடக்கத்தில், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் ஒரு பத்திரிகைக்காக நியூயார்க்கில் இந்த ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அவருக்கு இது புதிய ஆட்டம். வேகமாக ஓடும் அத்தனை பேரில் ரிஷார் அவர் கண்ணில் பட்டார். ஒரு பாம்பின் மினுமினுப்பை நினைவூட்டும் மனிதர் என்று எழுதினார். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பார்வை புரிகிறது. ரிஷார் அதிகம் பேசாதவர். ஆனால் கோலை நோக்கி வரும்போது அவர் கண்கள் கனன்றதைப் பற்றி எதிர்க்குழுவினரே சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அந்தக் கனலுக்கு மறுபக்கமும் இருந்தது. கோபம் வந்தால் அவருக்குத் தலைகால் தெரியாது.

லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் ஆங்கிலம் பேசுகிறவர். ஆக்ஸ்போர்டில் படித்த வழக்கறிஞர். பிரெஞ்சுக்கார ஆட்டக்காரர்களிடம் அவர் கடுமை காட்டுகிறார் என்ற முணுமுணுப்பு மாண்ட்ரீயலில் நெடுநாளாக உண்டு. ரிஷார் தம் பெயரில் வெளிவந்த பத்திரிகைப் பகுதியில் அவரைச் சர்வாதிகாரி என்று சொல்லிவிட்டார். விளைவு: 1954 ஜனவரியில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று, எழுதுவதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

1955 மார்ச் 13-ஆம் தேதி பாஸ்டன் நகரில் அந்த நெருப்பு பற்றிக்கொண்டது. எதிர்க்குழுவைச் சேர்ந்த ஹால் லேகோவின் மட்டை ரிஷாரின் தலையைப் பிளந்தது. ரத்தம் வழிய ரிஷார் திரும்பி வந்து மட்டையால் அவரை அடித்தார். தடுத்தும் கேளாமல் மீண்டும் அடித்தார். பிடித்துக்கொண்ட நடுவரையும் முகத்தில் குத்தினார். மூன்று மாதங்களுக்கு முன்புதான் இன்னொரு நடுவரைக் கையுறையால் அடித்து அபராதம் கட்டியிருந்தார். மார்ச் 16-ஆம் தேதி காம்பெல் தீர்ப்புச் சொன்னார்: அந்தப் பருவத்தில் மீதமிருந்த மூன்று ஆட்டங்களிலும், பிறகு ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் அத்தனை ஆட்டங்களிலும் ரிஷார் ஆடக்கூடாது.

இந்தத் தீர்ப்பு நியாயமா? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நடுவரை அடித்தவனைத் தண்டிக்காவிட்டால் எந்த ஆட்டமும் நிலைக்காது. அந்த அளவில் காம்பெல் செய்தது சரி. ஆனால் தீர்ப்பைக் கேட்பவர்களின் மனத்தில் பழைய கணக்கு ஒன்று தீராமல் இருக்கும்போது, சரியான தீர்ப்பும் பழிவாங்கலாகவே காதில் விழுகிறது. முதலாளியும் ஆங்கிலம், மேலதிகாரியும் ஆங்கிலம், இப்போது நீதிபதியும் ஆங்கிலம். தங்களில் ஒருவன் ஜெயித்துக் காட்டிய ஒரே இடத்திலிருந்தும் அவனை வெளியேற்றிவிட்டார்கள் என்றுதான் அந்த மக்களுக்குத் தோன்றியது.

மறுநாள் மாலை மாண்ட்ரீயல் ஃபோரம் அரங்கில் டெட்ராயிட்டுடன் ஆட்டம். வரவேண்டாம் என்று பலர் எச்சரித்தும் காம்பெல் வந்து தம் ஆசனத்தில் அமர்ந்தார். அதை வீரம் என்பதா, வீம்பு என்பதா? முட்டையும் தக்காளியும் பறந்தன. ஒருவன் நெருங்கி வந்து அவரைத் தாக்கினான். திடீரென்று கண்ணீர்ப் புகைக்குண்டு வெடித்தது. அரங்கைக் காலி செய்தார்கள். அப்போது 4-1 என்று முன்னணியில் இருந்த டெட்ராயிட்டுக்கே வெற்றி என்று அறிவித்தார்கள். வெளியே வந்த கூட்டம் செயின்ட் காதரின் வீதி நெடுக ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கிற்று, கடைகளைக் கொள்ளையிட்டது. பலர் காயமடைந்தார்கள், பலர் கைதானார்கள். இரவு நெடுநேரம் வரையில் ஊர் அடங்கவில்லை.

அடுத்த நாள் ரிஷார் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தார். அவர் ஒரு வார்த்தை தூண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் மிகச் சில வார்த்தைகள் பேசினார். இனிக் கலகம் வேண்டாம், தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவேன் என்றார். ஊர் அடங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் 544 கோல் போட்ட அந்த மனிதரின் மிகப் பெரிய செயல், மட்டையைக் கையில் தொடாமல் அன்று செய்த அந்தச் செயல்தான் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு கோப்பை போயிற்று. அதிகப் புள்ளி பெற்றவர் என்ற பட்டமும் ஒரே ஒரு புள்ளியில் சக ஆட்டக்காரர் ஜியோஃப்ரியனிடம் போயிற்று. ரிஷாருக்கு அந்தப் பட்டம் கடைசி வரையில் கிட்டவே இல்லை. ஆனால் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். 1956 முதல் 1960 வரையில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை மாண்ட்ரீயலுக்கே வந்தது. மொத்தம் எட்டுக் கோப்பைகளில் பங்கு பெற்று, 1960 செப்டம்பரில் அவர் ஆட்டத்திலிருந்து விலகினார்.

கலகம் நடந்த நாலாம் நாள், 'என் சகோதரன் ரிஷாரைக் கொன்றுவிட்டார்கள்' என்ற தலைப்பில் ஆந்திரே லோரந்தோ என்ற பத்திரிகாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். கலகத்துக்குக் காரணம் ஹாக்கி மட்டுமல்ல என்று அவர் கண்டுகொண்டார். அதே லோரந்தோ 1963-இல் மத்திய அரசின் மொழி விசாரணைக் குழுவுக்கு இரு தலைவர்களில் ஒருவரானார். அந்தக் குழு கண்டறிந்த கணக்கு ஒன்று: 1961-இல் கியூபெக்கில் வாழ்ந்த பதினான்கு இனத்தாரை வருமான வரிசையில் நிறுத்தினால், பிரெஞ்சு வழியினருக்குப் பன்னிரண்டாம் இடம்! வீதியில் கண்ணாடி உடைத்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் அதை அனுபவித்திருந்தார்கள்.

1960-இல் கியூபெக்கில் ஆட்சி மாறிற்று. 'நம் வீட்டில் நாமே எஜமானர்' என்ற கோஷத்துடன் 1962-இல் தேர்தல் நடந்தது. மின்சார நிறுவனங்கள் அரசுடைமை ஆயின, கல்வி மாறியது, 1977-இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் வந்தது. அமைதிப் புரட்சி என்று பெயர் பெற்ற இந்த மாறுதலுக்கு ரிஷார் கலகமே தொடக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பல ஆண்டுகள் உழுத நிலம் அது. ரிஷாரோ, அந்தப் புரட்சி எதிர்த்த பழைய முதல்வர் டூப்ளஸியின் கட்சிக்கு ஆதரவாக நின்றவர்! கேட்டவர்களிடமெல்லாம், "நான் ஒரு ஹாக்கி ஆட்டக்காரன், அவ்வளவுதான்" என்றே சொல்லிவந்தார்.

ஆட்டம் முடிந்த பிற்பாடு அவர் பெரிய மனிதராக உலவவில்லை. மீன் தூண்டிலுக்கான நூல் வியாபாரம் செய்தார். 1972-இல் கியூபெக் நகரக் குழு ஒன்றுக்குப் பயிற்சியாளராகப் போய், இரண்டே ஆட்டங்களில் போதும் என்று திரும்பிவிட்டார். ஆனால் ஜனங்கள் விடவில்லை. ரோக் காரியே என்ற எழுத்தாளர் 1979-இல் எழுதிய 'ஹாக்கிச் சட்டை' என்ற கதையில், ஒரு கிராமத்துப் பையன்கள் அத்தனை பேரும் ஒன்பதாம் நம்பர் சட்டையே அணிகிறார்கள். கடைக்காரர்கள் தவறுதலாக டொராண்டோ சட்டையை அனுப்பிவிட, ஒரு பையன் படும் பாடுதான் கதை. பின்னாளில் அந்தக் கதையின் வாசகம் கனடாவின் ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சாயிற்று.

1996-இல் ஃபோரம் அரங்கை மூடிய நாளில், வயோதிகரான ரிஷார் பனித்தரைக்கு வந்தார். கரகோஷம் நிமிடக்கணக்கில் நிற்கவே இல்லை. போதும் என்று கையமர்த்திப் பார்த்தார்; பயனில்லை. கண் கலங்கி நின்றார். 2000-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி அவர் காலமானபோது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று கடைசி மரியாதை செலுத்தினார்கள். கியூபெக் அரசு அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்தது.

அவருடைய 544 கோல் என்ற கணக்கை 1963-இலேயே கார்டி ஹோவ் தாண்டிவிட்டார். அவரையும் தாண்டியவர்கள் வந்தார்கள். கணக்குகள் அப்படித்தான், தாண்டப்படுவதற்காகவே எழுதப்படுகின்றன. ஆனால் பட்டறைத் தொழிலாளியின் மகன் ஒருவன் எவருக்கும் தலை வணங்காமல் பறந்ததைப் பார்த்து, "நாமும் நிமிரலாம்" என்று ஒரு ஜனசமூகம் நினைத்ததே, அது எந்தப் பட்டியலிலும் இல்லாத கணக்கு. அதைத் தம் பேரில் எழுதிக்கொள்ள ரிஷார் கடைசி வரையில் சம்மதிக்கவில்லை. ஜனங்களோ அவரைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள்.